சோதனை வண்டியில் இரண்டாவது ஆளைக் குறைக்கலாமா? பாதுகாப்பு ஓட்டுநர் ஏற்பாடு குறித்து ஒரு கேள்வி

நெடுஞ்செழியன் (பீனிக்ஸ்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், தானியங்கி கார்களைப் பொதுச் சாலையில் ஓட்டிச் சோதிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சோதனைப் பிரிவின் அன்றாட இயக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். எந்த வழித்தடத்தில் ஓட்டுவது, எந்த ஓட்டுநருக்கு எந்த ஷிப்ட், புதிய மென்பொருள் பதிப்பை எந்த வண்டியில் எப்போது ஏற்றலாம் என்பவற்றுக்கு ஒப்புதல் தருவது என் வேலை.

இதுவரை எங்கள் வண்டிகள் ஒவ்வொன்றிலும் இருவர் செல்கிறார்கள். ஸ்டியரிங்கின் முன் அமர்பவர் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு, தேவைப்படும் நொடியில் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு எடுத்துக்கொள்வார். பக்கத்து இருக்கையில் லேப்டாப்புடன் அமர்பவர், வண்டி எதைக் கண்டிருக்கிறது, அடுத்து என்ன செய்ய எண்ணுகிறது என்பதைத் திரையில் பார்த்து வாய்விட்டுச் சொல்வார். குறிக்க வேண்டிய நிகழ்வுகளையும் அவரே குறித்துக்கொள்வார். அடுத்த காலாண்டு முதல் ஒரு வண்டிக்கு ஒருவர் போதும் என்று நிர்வாகம் கருதுகிறது. அதற்கு மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள். ஓட்டுநர் குறுக்கிட்டுக் கட்டுப்பாட்டை எடுக்கும் தடவைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. நிகழ்வுகளைக் குறிக்கும் வேலையை இனி ஸ்டியரிங்கின் பக்கத்தில் பொருத்தப்படும் டேப்லெட்டில் ஓட்டுநரே செய்துகொள்ளலாம். ஓட்டுநரைப் படம்பிடிக்கும் கேமரா ஏற்கெனவே வண்டிக்குள் இருப்பதால் கண்காணிப்பும் தடைபடாது. இந்த மாநிலத்துச் சட்டமும் இருவர் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை.

இந்த மாற்றத்துக்கு நான் கையொப்பமிட வேண்டும். செலவை மிச்சப்படுத்தும் எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எதை அடிப்படையாகக் கொண்டு சரி என்றோ கூடாது என்றோ சொல்வது என்பதில் எனக்குத் தெளிவில்லை. இத்துறையில் இருப்பவர்களும், பாதுகாப்பு மேலாண்மையில் பழகியவர்களும் வழி காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கார்முகில் எழுதியது:

நண்பர் நெடுஞ்செழியனுக்கு வணக்கம். நீங்கள் எழுதியிருக்கும் காரணங்களைப் படித்ததும் எனக்குச் சற்றுத் திடுக்கிட்டது. ஏறத்தாழ இதே மாற்றத்தை, ஏறத்தாழ இதே காரணங்களோடு, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு நிறுவனம் 2017-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் செய்தது. அது உபர் நிறுவனத்தின் தானியங்கி வாகனப் பிரிவு. சில மாதங்களில், 2018 மார்ச் 18 அன்று இரவு 10 மணியளவில், டெம்பி நகரின் மில் அவென்யூவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண் ஒருவர் அவ்வண்டி மோதி உயிரிழந்தார். தானியங்கி வாகனச் சோதனையில் பாதசாரி ஒருவர் இறந்த முதல் நிகழ்வு அதுவே. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதை விரிவாக விசாரித்து, 2019 நவம்பரில் தன் முடிவை அறிவித்தது. கையொப்பமிடும் முன் அந்த அறிக்கையை முழுவதும் படியுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கேள்வியைத் தொடும் பகுதிகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வண்டி மணிக்கு ஏறத்தாழ 44 மைல் வேகத்தில் சென்றுகொண்டிருந்தது. மோதலுக்கு 5.6 நொடிகளுக்கு முன்பே ரேடார் அந்தப் பெண்ணைக் கண்டுவிட்டது. அந்த வேகத்தில் அது 100 மீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. ஆனால் மென்பொருள் அவரை ஒரு கணம் வாகனம் என்றும், மறுகணம் இன்னதென்று தெரியாத பொருள் என்றும், பிறகு சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. ஒவ்வொரு முறை வகை மாறும்போதும் அதுவரை அவர் நகர்ந்த பாதையின் பதிவு கைவிடப்பட்டதால், அவர் தன் பாதைக்குக் குறுக்கே வருகிறார் என்பதை அதனால் கணிக்கவே முடியவில்லை. கடவுப் பாதை இல்லாத இடத்தில் ஒரு பாதசாரி சாலையைக் கடக்கக்கூடும் என்ற வாய்ப்பையே அந்த மென்பொருளின் வடிவமைப்பு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மோதல் தவிர்க்க முடியாதது என்று 1.2 நொடி இருக்கும்போது அது உணர்ந்தது. உணர்ந்த பிறகும் ஒரு நொடி பிரேக் போடாமல் காத்திருந்தது, ஏனெனில் அப்படித்தான் அதை அமைத்திருந்தார்கள். பொய்யான அபாயக் கணிப்புகளுக்கெல்லாம் வண்டி திடீரெனப் பிரேக் போடக்கூடாது என்பதற்காக அந்த ஒரு நொடித் தாமதம் வைக்கப்பட்டது. அந்த நொடியில் ஓட்டுநர் பார்த்துக்கொள்வார் என்பது எதிர்பார்ப்பு; ஓட்டுநருக்கோ அந்த நொடியில் எந்த எச்சரிக்கையும் தரப்படவில்லை. அது போதாதென்று, அந்த வால்வோ காரில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்த தானியங்கி அவசர பிரேக், கணினி ஓட்டும் நேரங்களில் இயங்காதபடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அது இயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வால்வோ செய்த 20 மாதிரிக் கணிப்புகளில் 17-இல் மோதலே நிகழவில்லை.

இப்போது ஓட்டுநரின் பக்கம் வருவோம். அவர் ஒருவராகவே இருந்தார். மோதலுக்கு முந்தைய சில நிமிடங்களில் அவர் பலமுறை குனிந்து தம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது உள்நோக்கிய கேமராப் பதிவில் இருக்கிறது. ஆம், அங்கும் கேமரா இருந்தது. ஆனால் அதன் பதிவுகளை எடுத்துப் பார்க்கும் வழக்கம் அந்த நிறுவனத்தில் மிக அரிதாக இருந்தது என்று வாரியம் குறிப்பிட்டிருக்கிறது. விபத்துக்கு உடனடிக் காரணம் ஓட்டுநரின் கவனச்சிதறல் என்று சொன்ன வாரியம் அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆபத்து மதிப்பீட்டு முறை போதாமை, ஓட்டுநர்களை மேற்பார்வை செய்யாமை, தானியங்கிமேல் வைக்கும் நம்பிக்கையால் மனிதக் கவனம் தளரும் என்று தெரிந்தும் அதற்கு ஏற்பாடு செய்யாமை ஆகியவற்றைத் துணைக் காரணங்களாகச் சொல்லி, இவையெல்லாம் அந்த நிறுவனத்தின் போதாத பாதுகாப்புப் பண்பாட்டிலிருந்து விளைந்தவை என்றது. போதிய மேற்பார்வை செய்யாத அரிசோனாப் போக்குவரத்துத் துறையையும் சுட்டிக்காட்டியது. ஆகவே மாநிலச் சட்டம் கேட்கவில்லை என்பதை ஓர் ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது அந்த ஒரு நொடித் தாமதம்தான். மென்பொருள் எழுதியவர்கள், உள்ளே ஒரு மனிதர் விழிப்போடு இருக்கிறார் என்று நம்பி அதை வைத்தார்கள். இயக்கப் பிரிவோ, மென்பொருள் நன்றாக ஓட்டுகிறது என்று நம்பி ஆளைக் குறைத்தது. இருவரும் ஒருவரையொருவர் நம்பிய அந்த இடைவெளியில் ஓர் உயிர் போயிற்று. உங்கள் மென்பொருள் குழுவிடம் ஒரு கேள்வியைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: ஓட்டுநர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் விடப்பட்ட இடங்கள் இந்தப் பதிப்பில் எவை? அந்தப் பட்டியல் கைக்கு வராமல் ஆள் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

வானதி எழுதியது:

வணக்கம். நான் கலிபோர்னியாவில் இரண்டு இருக்கைகளிலும் அமர்ந்து வேலை செய்தவள். இப்போது புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். கார்முகில் அவர்கள் சொன்னதோடு, அந்த இருக்கையில் அமர்ந்திருப்பது எப்படிப்பட்டது என்பதையும் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

ஸ்டியரிங் வளையத்தின் இரு பக்கமும் கைகள் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் தானியங்கி இயக்கம் விடுபட்டுவிடும். மடியில் வைத்தால் தேவைப்படும்போது நேரத்துக்குப் போய்ச் சேராது. வலது கால் பிரேக்கின் மேல் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் அரைமணி நேரம் இது எளிதாகவே தோன்றும். அதன் பிறகு கால் கெண்டை இறுகும், தோள் கனக்கும்; கண்கள் சாலையின்மேல் இருந்தாலும் மனம் அதைப் பார்க்காத நிலை வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் திரையைக் கண்காணித்தவர்களுக்கு ஏன் நேரம் செல்லச் செல்லக் கவனம் குறைகிறது என்று ஆராய்ந்த நார்மன் மேக்வொர்த், கடிகார முள்போன்ற ஒன்று எப்போதாவது இரட்டைத் தாவல் தாவுவதைக் கண்டு சொல்லும்படி ஆட்களை உட்கார வைத்தார். முதல் அரைமணிக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் சரிந்துவிட்டதை 1948-இல் வெளியிட்டார். சோம்பலோ பொறுப்பின்மையோ இதற்குக் காரணமில்லை. அரிதாக நிகழும் ஒன்றுக்காக நெடுநேரம் காத்திருக்கும் எந்த மனிதருக்கும் இது நேரும்.

இதனால்தான், குறுக்கிடும் தடவைகள் குறைந்துவிட்டன என்ற காரணம் எனக்குத் தலைகீழாகப் படுகிறது. வண்டி மோசமாக ஓட்டிக்கொண்டிருந்தபோது நாங்கள் எந்நேரமும் விழிப்பாக இருந்தோம், ஏனெனில் ஒவ்வொரு சந்திப்பிலும் அது எதையாவது செய்யும். அது நன்றாக ஓட்டத் தொடங்கிய பிறகுதான் எங்கள் வேலை கடினமாயிற்று. குறுக்கீடு குறைந்ததற்கு வண்டி முன்னேறியது ஒரு காரணமாக இருக்கலாம். ஓட்டுநர் முன்பு குறுக்கிட்ட இடத்தில் இப்போது பார்ப்போம் என்று பொறுத்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் இந்தக் குறுக்கீடுகளை ஆண்டுதோறும் மோட்டார் வாகனத் துறைக்கு அறிக்கையாகத் தர வேண்டும் என்ற விதி பல ஆண்டுகளாக இருந்துவந்தது. அந்த எண் வெளியே போகிறது என்று தெரிந்தாலே, யாரும் வாய்திறந்து சொல்லாவிட்டாலும், குறுக்கிடும் கை ஒரு கணம் தயங்கும். உங்கள் ஓட்டுநர்களின் மதிப்பீட்டில் குறுக்கீட்டு எண்ணிக்கை எந்த வடிவிலாவது இருந்தால் முதலில் அதை நீக்குங்கள்.

பக்கத்து இருக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடது திருப்பம், எதிரே வரும் பேருந்தைக் கண்டிருக்கிறது, வழிவிடப் போகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே வரும்போது, ஓட்டுபவர் தம் கண்ணால் காண்பதையும் காதால் கேட்பதையும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார். நடைபாதையிலிருந்து இறங்கும் சிறுவன் ஒருவன் கண்ணுக்குத் தெரிகிறான், பக்கத்தில் இருப்பவர் அவனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றால், வண்டி அவனைக் காணவில்லை என்று அந்த நொடியே புரிந்து கால் பிரேக்கில் இறங்கிவிடும். அந்த முன்னறிவிப்பு எங்களுக்குத் தந்த அவகாசத்தை எந்த டேப்லெட்டும் தராது. டேப்லெட்டில் ஒரு நிகழ்வைக் குறிப்பதற்குக் கண் சாலையை விட்டு இறங்கியே ஆக வேண்டும். 45 மைல் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 20 மீட்டர் போய்விடும் என்பதை நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

இராசேந்திரன் எழுதியது:

தம்பி நெடுஞ்செழியனுக்கு, நான் விமானப் பராமரிப்புத் துறையில் பாதுகாப்பு மேலாண்மைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். கார்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் நீங்கள் கேட்பது, ஒரு மாற்றத்துக்கு ஒப்புதல் தருவதா என்று எதைக் கொண்டு முடிவு செய்வது என்பதே. அது எங்கள் துறை நெடுங்காலமாகப் பழகிய விஷயம். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013-இல் இதற்கெனவே தன் உடன்படிக்கையில் 19-ஆம் இணைப்பைச் சேர்த்தது. டெம்பி விபத்துக்குப் பிறகு உபருக்கு வாரியம் தந்த பரிந்துரையும், இத்தகைய பாதுகாப்பு மேலாண்மை அமைப்பை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதே. விபத்து நடந்தபோது அந்தப் பிரிவில் பாதுகாப்புக்கெனத் தனிப் பொறுப்பாளரும் இல்லை, எழுதப்பட்ட பாதுகாப்புத் திட்டமும் இல்லை.

ஒரு மாற்றம் முன்வைக்கப்பட்டால் நாங்கள் முதலில் கேட்பது: நீக்கப்படுவது உண்மையில் என்னென்ன செய்துகொண்டிருந்தது? உபர் நிறுவனம் இரண்டாவது ஆளின் பணி தரவுகளைக் குறிப்பது என்று பார்த்தது. அந்தப் பணிக்கு வேறு வழி கிடைத்ததும் ஆள் தேவையில்லை என்று முடிவாயிற்று. அவர் பக்கத்தில் இருப்பதாலேயே முதல் ஆள் கைபேசியை எடுக்கத் துணியமாட்டார் என்பது எந்தப் பணிப் பட்டியலிலும் எழுதப்பட்டிருக்காது. எனவே நீங்கள் பின் இருக்கையில் ஒரு முழு ஷிப்ட் அமர்ந்து, அந்த இரண்டாவது ஆள் செய்வதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுப்பது, வழித்தடம் மாறும்போது கட்டுப்பாட்டு அறையோடு பேசுவது, கொட்டாவி விடுபவரைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டச் சொல்வது வரை எதையும் விடாதீர்கள். பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் இதைச் செய்யுங்கள், ஏனெனில் இரண்டும் வேறு வேறு வேலைகள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அவர் போன பிறகு இதை யார் அல்லது எது செய்யும் என்று எழுதுங்கள். எந்த வரிக்கு எதிரே ஓட்டுநர் கவனமாக இருப்பார் என்று எழுத நேர்கிறதோ, அந்த வரிக்கு இன்னும் ஏற்பாடு இல்லை என்று பொருள். கவனமாக இரு என்பதை ஒரு பாதுகாப்பு ஏற்பாடாக எங்கள் துறையில் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவதாக, நிறுத்தும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். இன்று வெயில் கண்ணை அடிக்கிறது, இந்தப் பதிப்பு பாலத்தின் அடியில் தடுமாறுகிறது, எனக்கு நேற்று உறக்கமில்லை என்று ஒரு ஓட்டுநர் சொன்னால், அவருக்கு அன்றைய ஊதியம் குறையாமலும் மேலாளரின் முகம் கோணாமலும் வண்டி நிற்கிறதா? ஒருவர் மட்டும் இருக்கும் வண்டியில் இந்த முடிவை அவர் தனியாகவே எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், இந்த அதிகாரம் இன்னும் உறுதியாக எழுதப்பட வேண்டும்.

மூன்றாவதாக, பின்வாங்கும் நிபந்தனையை முன்கூட்டியே எழுதி வையுங்கள். எது நடந்தால் மறுநாளே மீண்டும் இருவராக மாறுவோம் என்பதை மாற்றம் தொடங்கும் முன்பே எழுதிக் கையொப்பம் வாங்கிவிட வேண்டும். தொடங்கிய பிறகு எழுத உட்கார்ந்தால், நடந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும்.

இளம்பரிதி (சிங்கப்பூர்) எழுதியது:

வணக்கம். இங்குள்ள நடைமுறையில் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிங்கப்பூரில் ஒரு சோதனை வண்டி பொதுச் சாலைக்கு வரும் முன், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நிலப் போக்குவரத்து ஆணையமும் சேர்ந்து 2017-இல் ஜூரோங் புத்தாக்க வட்டாரத்தில் தொடங்கிய சோதனைச் சுற்றில் தன் அடிப்படைத் தகுதியைக் காட்ட வேண்டும். சாலைப் பகுதிகளும் படிப்படியாகவே திறந்துவிடப்பட்டன. 2015-இல் ஒன்-நார்த் வட்டாரத்தின் சிறு பகுதியில் தொடங்கி, 2019-இல்தான் மேற்குச் சிங்கப்பூரின் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் சோதனைக்கு அறிவிக்கப்பட்டன. வண்டியில் தரவுப் பதிவுக் கருவியும், மூன்றாம் தரப்பினருக்கான காப்பீடும் கட்டாயம்.

உங்கள் மாநிலத்தில் அப்படி ஒரு வாயிற்காவல் இல்லை என்றால், அதை உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே அமைத்துக்கொள்ள முடியும். எல்லா வண்டிகளிலும் எல்லாச் சாலைகளிலும் ஒரே நாளில் ஆளைக் குறைப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை. பகல் வெளிச்சம், குறைந்த வேகம், நன்கு பழகிய வழித்தடம், பல வாரங்கள் ஓடித் தேறிய மென்பொருள் பதிப்பு ஆகிய நான்கும் ஒருங்கே அமையும் ஓட்டங்களில் மட்டும் தொடங்கலாம். இவற்றில் ஒன்று மாறினாலும், குறிப்பாக மென்பொருள் மாறினால், மீண்டும் இருவர். புதிய பதிப்பு ஏறிய வண்டியை, முந்தைய பதிப்பில் அது எவ்வளவு நன்றாக ஓட்டியிருந்தாலும், புதிய வண்டியாகவே கருத வேண்டும்.

செங்குட்டுவன் எழுதியது:

எல்லோரும் எச்சரிக்கையின் பக்கமே பேசியிருப்பதால், நான் மற்ற பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். இருவர் இருப்பதே பாதுகாப்பு என்று நினைத்துவிடுவதும் ஆபத்தானது. இருவர் இருக்கும் வண்டியில் பேச்சு வளரும். பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே தளர்வதும் உண்டு. தம் நிறுவனம் கூகுளின் பிரிவாக இருந்தபோது, 2013-இல் நெடுஞ்சாலையில் தானியங்கி ஓட்டத்தைச் சோதித்த ஊழியர்கள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒப்பனை செய்துகொண்டதையும் உறங்கியதையும் கேமராப் பதிவில் கண்டதாக, தானியங்கி கார் நிறுவனமான வேமோவின் அன்றைய தலைவர் ஜான் கிராஃப்சிக் 2017-இல் வெளிப்படையாகச் சொன்னார். மனிதரை அரைகுறையாக நம்பியிருக்கும் அந்த வகை ஓட்டுநர் உதவி அமைப்பையே அவர்கள் கைவிட்டார்கள்.

ஒருவர் மட்டும் ஓட்டும் சோதனை பொறுப்போடு நடத்தக்கூடியதே என்பது என் கருத்து. அதற்கு விலை உண்டு. கண் சாலையை விட்டு விலகினால் அந்த நொடியே ஒலி எழுப்பி, விலகல் தொடர்ந்தால் கட்டுப்பாட்டு அறைக்கும் தெரிவிக்கும் நேரடிக் கண்காணிப்பு வேண்டும். பதிவாகிக் கிடக்கும் கேமரா கண்காணிப்பு ஆகாது. நிகழ்வுகளைக் குறிக்கும் வேலை ஓட்டுநரிடமிருந்து முற்றிலும் நீங்கி, ஒரு பொத்தானை அழுத்தி வாயால் சொன்னால் பதிவாகும் அளவுக்குச் சுருங்க வேண்டும். தொடர்ந்து ஓட்டும் நேரத்துக்கு வரம்பு வேண்டும். விபத்துக்குப் பிறகு உபர் மீண்டும் சாலைக்கு வந்தபோது இருவரைத் திரும்ப அமர்த்தியதோடு, ஒரு ஆள் ஒரு நாளில் ஸ்டியரிங்கின் முன் இருக்கும் நேரத்தை 4 மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொண்டது. இவற்றோடு மூடிய சோதனைத் தடத்தில் அறிவிக்காமல் கோளாறைப் புகுத்தித் தரும் பயிற்சியும் வேண்டும். ஸ்டியரிங் தானாகப் பக்கத்து வழிக்குத் திரும்பும்போது எத்தனை விரைவில் கை பிடிக்கிறது என்பதை அளந்து பார்க்காமல், உரிமம் இருக்கிறது, நல்ல ஓட்டுநர் என்று மட்டும் கொண்டு யாரையும் தனியாக அனுப்பக்கூடாது. இவ்வளவையும் செய்து முடிக்கும் செலவையும் இரண்டாவது ஆளின் ஊதியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிர்வாகத்திடம் காட்டுங்கள். மிச்சம் என்று அவர்கள் நினைப்பதில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

நெடுஞ்செழியன் (பீனிக்ஸ்) எழுதியது:

இராசேந்திரன் ஐயாவுக்கும், மற்ற நண்பர்களுக்கும் மனமார்ந்த நன்றி. பின் இருக்கையில் அமர்ந்து குறித்துக்கொள்ளச் சொன்னதை உடனே செய்து பார்த்தேன். இரண்டாவது ஆள் செய்வதாக எங்கள் நடைமுறைக் கையேட்டில் இருப்பதைவிட நீளமான பட்டியல் கிடைத்தது. பள்ளி விடும் நேரத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்தை நெருங்கும்போது அவர் லேப்டாப்பைத் தாழ்த்திவிட்டுத் தாமும் சாலையைப் பார்க்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, இந்த இடத்தில் எப்போதும் அப்படித்தான், இருவருமாகப் பேசி வைத்துக்கொண்டோம் என்றார். கையேட்டில் அப்படி ஒரு சொல்லும் இல்லை.

இப்போதைக்குக் கையொப்பமிட முடியாது என்றும், இளம்பரிதி சொன்ன நான்கு நிபந்தனைகளுக்குள் அடங்கும் ஓட்டங்களுக்கு மட்டும், நேரடிக் கண்காணிப்புப் பொருத்தப்பட்ட பிறகு மீண்டும் பரிசீலிக்கலாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மென்பொருள் குழுவிடமும் கார்முகில் கேட்கச் சொன்ன பட்டியலைக் கேட்டிருக்கிறேன். முதலில் அப்படி எதுவும் இல்லை என்றார்கள், பிறகு தேடிப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. கேமராப் பதிவுகளை யார் பார்ப்பது? ஓட்டுநர்களின் மேலாளர் பார்த்தால் அவர்கள் வேவு பார்க்கப்படுவதாக எண்ணுகிறார்கள். மற்றொன்று, வண்டியில் ஒருவர் மட்டும் இருக்கும்போது விபத்து நேர்ந்தால், அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்களிடம் இருக்கும் நடைமுறை இருவரை நம்பி எழுதப்பட்டது.

கார்முகில் எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் விபத்துக்குப் பிந்தைய சில நிமிடங்களே ஒரு நிறுவனத்தைக் கவிழ்த்ததை அண்மையில் பார்த்தோம். 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில், மனிதர் ஓட்டிய கார் ஒன்று மோதித் தூக்கியெறிந்த பெண், உள்ளே ஆளே இல்லாமல் வந்த குரூஸ் நிறுவனத்தின் வண்டியின் முன் விழுந்தார். அவர்மேல் மோதி நின்ற அந்த வண்டி, பக்கவாட்டில் ஏதோ இடித்தது என்று தவறாகக் கணித்து, ஓரம் கட்டுவதற்காக மீண்டும் நகர்ந்து, அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. ஓரம் கட்டுவது சாதாரண நாளில் நல்ல பழக்கம்; அந்தக் கணத்தில் அசையாமல் நிற்பதே செய்ய வேண்டியதாக இருந்தது. அதன் பிறகு, இழுத்துச் சென்றதை அரசு அமைப்புகளிடம் முழுமையாகச் சொல்லாததே அந்த நிறுவனத்துக்குப் பெருங்கேடாக முடிந்தது. அதே மாதம் 24-ஆம் நாள் கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறை அதன் உரிமத்தை நிறுத்தி வைத்தது. பின்னர் அபராதங்கள் வந்தன. 2024 டிசம்பரில் குரூஸின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ரோபோ டாக்சித் (ஓட்டுநரில்லா வாடகைக் கார்) திட்டத்துக்கு நிதி தருவதையே நிறுத்திக்கொண்டது.

ஆகவே உங்கள் நடைமுறையின் முதல் வரி, எந்த மோதலாக இருந்தாலும் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்தித் தானியங்கி இயக்கத்தை முற்றாக அணைத்துவிட்டு, இறங்கி வண்டியின் நான்கு புறமும் அடியிலும் பார்க்கும் வரை நகர்த்தக்கூடாது என்பதாக இருக்கட்டும். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் அடிபட்டவரைக் கவனிப்பாரா, அவசர உதவியை அழைப்பாரா, பின்னால் வரும் வண்டிகளை எச்சரிப்பாரா? அவசர அழைப்பைக் கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும், அதற்காக அந்த வண்டியின் இருப்பிடமும் படமும் அங்கே எந்நேரமும் தெரிய வேண்டும் என்பதும் இதிலிருந்து தானாக வரும். அன்றே எல்லா வண்டிகளையும் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, அவர் கிடைக்காவிட்டால் யாருக்கு என்பதையும் பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். தரவுப் பதிவை யாரும் தொடுவதற்கு முன் படி எடுத்துப் பூட்டி வையுங்கள். காவல்துறையிடமும் அரசு அமைப்புகளிடமும் பேசுபவர், பதிவு முழுவதையும் தாம் பார்த்த பிறகே பேச வேண்டும், பார்த்ததை விடாமல் சொல்ல வேண்டும்.

வானதி எழுதியது:

கேமராப் பதிவு பற்றி: மேலாளர் பார்க்க வேண்டாம் என்பதே என் அனுபவம். எங்கள் குழுவில் ஓட்டுநராக இருந்து பயிற்சியாளரானவர்கள் வாரந்தோறும் குலுக்கல் முறையில் எடுத்த சில பகுதிகளைப் பார்க்கிறார்கள். ஒரு ஷிப்ட்டின் முதல் பத்து நிமிடத்தை விட்டுவிட்டு, கடைசி ஒரு மணி நேரத்திலிருந்தே பெரும்பாலும் எடுக்கிறோம், ஏனெனில் தளர்ச்சி அங்கேதான் தெரியும். கண் விலகல் தென்பட்டால் முதலில் கேட்கும் கேள்வி, அந்த ஷிப்ட் எத்தனை மணிக்குத் தொடங்கியது, இடைவேளை எப்போது கிடைத்தது என்பதே. ஒரே வழித்தடத்தில் பலருக்கும் அதே இடத்தில் விலகல் தெரிந்தால் வழித்தடத்தையோ ஓய்வு நேரத்தையோ மாற்றுகிறோம். கைபேசி மட்டும் விதிவிலக்கு: வண்டி ஓடும்போது கையில் கைபேசி இருந்தால் அன்றே அவர் சாலையிலிருந்து இறக்கப்படுவார் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை ஓட்டுநர்களே கேட்டு வாங்கினார்கள். இந்த இரண்டையும் வேலையில் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுத்து, அவர்களுடைய பதிவை அவர்களே எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றும் விட்டுவிட்டால், வேவு என்ற பேச்சு அடங்கிவிடுகிறது.

நீங்கள் பேருந்து நிறுத்தத்தில் கண்டதைக் கையேட்டில் ஏற்றிவிடுங்கள். அந்த இருவரையும் அழைத்து, அவர்கள் பேசி வைத்துக்கொண்ட மற்ற இடங்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடியிடமும் அப்படிச் சில இடங்கள் நிச்சயம் இருக்கும்.